ஊசி போட்ட காலும் ஒரு மணி நேர நடையும்

என் இடது காலில் என்ன நோய் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். மாமியார் நரம்புச் சிலந்தி என்றார். கணவர் பருத்திக்காட்டில் எதையோ மிதித்திருப்பாய் என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து முழங்காலுக்குக் கீழே பச்சை நிறத்தில் நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது, சாயங்காலமானால் கால் கனத்தது, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரித்தது, அவ்வளவுதான். ஒருநாள் சொறிந்த இடம் புண்ணாயிற்று. வேப்பெண்ணெய் போட்டோம், மஞ்சள் அரைத்துப் போட்டோம், பவுடர் மருந்து தூவினோம். எட்டு மாதமாகியும் அது ஆறுகிற வழியாக இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் தனி வீடு எங்களுடையது. அந்த வட்டாரத்திலேயே முதன்முதலாக மேடை கட்டிய சமையலறை எங்கள் வீட்டில்தான் இருந்தது. கணவருக்கு அதில் பெருமை அதிகம். வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூட்டிவந்து காட்டுவார். குனிய வேண்டாம், உட்கார வேண்டாம், நின்றபடியே எல்லா வேலையும் செய்யலாம் என்பார். நானும் காலை நாலரை மணியிலிருந்து நின்றபடியே எல்லா வேலையும் செய்தேன்.

கடைசியில் சேலத்துக்குப் போனோம். அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவர் கால் நரம்புக்கு வெளிநாட்டு முறையில் பண்டுதம் பார்க்கிறார் என்று உரக்கடையில் யாரோ கணவரிடம் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் என்னை ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றேன். அவர் ரப்பர் குழாயைத் தொடையில் கட்டினார், அவிழ்த்தார், விரலால் அழுத்தினார், படுக்கச் சொன்னார், மறுபடி நிற்கச் சொன்னார். படுத்தால் புடைப்பெல்லாம் காணாமல் போயிற்று. எனக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது. இத்தனை நாள் படுத்துக்கொண்டே இருந்திருந்தால் நோயே இல்லை போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

"இது நரம்பு இல்லம்மா. ரத்தக் குழாய். கீழ இருந்து ரத்தம் மேல போகணும். நடுவுல சின்னச் சின்னக் கதவு இருக்கு, போன ரத்தம் திரும்பி வராம தடுக்கறதுக்கு. உங்களுக்கு அந்தக் கதவு கெட்டுப்போச்சு. மேல போற ரத்தம் திரும்பி வந்து கீழயே தேங்குது. அதான் புண்ணு ஆறல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கணவரின் முகம் தெளிந்துவிட்டது.

"புட்வால்வு போயிடுச்சுன்னு சொல்லுங்க."

கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாய்க்கு அடியில் இருக்கும் வால்வைச் சொன்னார். அது கெட்டுவிட்டால் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மருத்துவர் சிரித்து, அதேதான் என்றார். அன்று முழுவதும் கணவர், தானே நோயைக் கண்டுபிடித்தவர்போல நடந்துகொண்டார்.

இரண்டு வழி இருக்கிறது என்றார் மருத்துவர். ஒன்று ஊசி. கெட்டுப்போன குழாய்க்குள் மருந்தைச் செலுத்தி, இறுக்கிக் கட்டுப் போட்டால் அது ஒட்டி மூடிக்கொள்ளும். இன்னொன்று ஆபரேஷன். அடித்தொடையில் வெட்டி, குழாயைக் கட்டி, கம்பியை விட்டு நீளமாக உருவி எடுப்பது. எனக்கு ஊசியே போதும் என்று தோன்றுவதாகவும், ஆறு வாரம் பார்த்துவிட்டுக் கேட்கவில்லையென்றால் மட்டும் கத்தி என்றும் சொன்னார்.

"மூடிப்போட்டா ரத்தம் எங்கீங்க போகும்?" என்று கேட்டேன்.

"வேற குழாய் இருக்கும்மா. அது வழியாப் போயிடும்."

வேறு குழாய் இருக்கிறதென்றால் இத்தனை நாள் ஏன் அதன் வழியாகப் போகவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கத்தி என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு அம்மாவின் நினைவு வந்திருந்தது. என் அம்மா வயிற்றுக்கட்டிக்கு ஆபரேஷன் என்று போய், மேசையிலிருந்து திரும்பி வரவில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது. என்ன ஆனாலும் சரி, ஊசியோடு இதை முடித்துக்கொள்ள வேண்டும் என்று அங்கேயே, அந்த ஸ்டூலின் பக்கத்திலேயே, முடிவு செய்தேன். என் பிள்ளைகளில் மூத்தவனுக்கு ஏழு வயது.

அன்றே ஊசி போட்டார். நிற்கவைத்து மையால் குறி போட்டு, பிறகு படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்து, நாலு இடத்தில் குத்தினார். குத்திய இடத்திலெல்லாம் பஞ்சுப் பொட்டலத்தை வைத்து, பாதத்திலிருந்து தொடைவரை நீளத் துணியால் இறுக்கிச் சுற்றினார். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை குழப்புகிறது.

"இப்பவே போய் ஒரு மணி நேரம் நடங்க. நாளையிலருந்து தினமும் ஒரு மணி நேரம், நிக்காம, வேகமா. கட்டை அவுக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது. நடக்கறதுதாம்மா இதுல பாதி மருந்து."

"நான் காலையிலருந்து ராத்திரி வரைக்கும் நடந்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"நீங்க நடக்கலம்மா. நிக்கிறீங்க."

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. வீடு, மாட்டுக் கொட்டகை, களம், கிணறு என்று நாள் முழுதும் ஓடுகிறவளைப் பார்த்து இவர் இப்படிச் சொல்கிறாரே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னையே கவனித்துப் பார்த்தேன். அடுப்பு மேடையிலிருந்து அம்மிக்கு நாலடி. அம்மியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஐந்தடி. போய் நின்றேன், திரும்பி வந்து நின்றேன். மனிதர் சொன்னது சரிதான். அதுவும் சேர்ந்து எரிச்சலாக இருந்தது.

ஊசி போட்ட அன்று ஏற்காட்டு ரோட்டில் கணவரும் நானும் நடந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், போய்ச்சேர ஓர் இடமில்லாமல் இருவரும் நடந்தது அதுதான் முதல் தடவை. அவர் மூன்றடி முன்னால் போனார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று, "போதுமா?" என்று கேட்டார். பஸ்ஸில் ஏறியதும் தன் சந்தேகத்தைச் சொல்லிவிட்டார்.

"புட்வால்வு போன மோட்டார எவனாச்சும் ஓட்டுவானா? நிறுத்தித்தான வெப்பாங்க. இந்தாளு ஓட்டச் சொல்றாரே."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இருந்தாலும் கத்திக்குப் பயந்து நடந்தேன்.

எங்கே நடப்பது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தோட்டத்துக்குள் நடந்தால் மூன்றடிக்கு ஒருதரம் ஒரு வேலை கையைப் பிடித்து நிறுத்தும். கிழக்கே போனால் முள்ளுப் பாதை. மேற்கே மட்டும்தான் தார்ரோடு. அந்தத் தார்ரோட்டில் மூன்று மைல் போனால் என் பிறந்த வீடு. நான் ஒன்றரை மைல் போய், மைல்கல்லைத் தொட்டுத் திரும்பினால் சரியாக ஒரு மணி நேரம் ஆகும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு கிளம்புவேன். பழைய சேலையோடு ரோட்டில் போக முடியுமா.

முதல் நாளே டவுன் பஸ்காரர் எனக்காக நிறுத்தினார். நான் ஏறவில்லை என்றதும் கண்டக்டர் படியில் தொங்கியபடி என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டே போனார். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் ஏறிக்கொள்ளச் சொன்னார். களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஏனுங்க, பொறந்த ஊட்டுக்குங்களா? நடந்தேவா போறீங்க?"

"இல்லீங்க, சும்மா."

"சும்மாங்களா?"

சும்மா என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். சும்மா நடக்கிற பெண்பிள்ளையை அந்த ரோடு அதுவரை பார்த்ததில்லை. மூன்றாம் நாள் முதல் பொய் சொல்லத் தொடங்கினேன். ஒருநாள் மைல்கல் பக்கத்தில் கீரை பறிக்கப் போகிறேன் என்றேன். இன்னொரு நாள் தொலைந்த கன்றுக்குட்டியைத் தேடுகிறேன் என்றேன். அந்தக் கன்றுக்குட்டியை அப்புறம் அந்த ஊரே தேடியது. கால் நோய் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்கிற குடும்பம் நோயை மறைப்பதுபோல நான் ஏன் மறைத்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. இரண்டாம் வாரம் சேலம் போனபோது புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். மருத்துவர் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். புதுக்கட்டுப் போட்டு, இதே மாதிரி இன்னும் நாலு வாரம் நடந்துவிட்டால் கத்தியை மறந்துவிடலாம் என்றார். எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நாள் மைல்கல்லைத் தாண்டிக்கூடக் கொஞ்சம் நடந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் என் அண்ணன் வந்தார். தனியாக வரவில்லை. பெரியப்பாவையும், ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிற ஒருவரையும் வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். மூவரும் வெள்ளை வேட்டி சட்டையோடு களத்துக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். மரவள்ளிக் கிழங்கின் விலையைப் பற்றிப் பேசினார்கள். காபி குடித்து முடித்துவிட்டுப் பெரியப்பா மெல்ல ஆரம்பித்தார்.

"மாப்பளகிட்டக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. புள்ள தெனமும் பொழுதேறப் பொறப்பட்டு எங்கூட்டுப் பக்கமா வருதாம். பாதியில நின்னு திரும்பிடுதாம். பத்துப்பேரு பாத்துட்டுச் சொல்றாங்க. என்ன மனத்தாங்கல்னு தெரிஞ்சா நல்லதுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஏறாமல், பிறந்த வீட்டுத் திக்கில் வேகமாகப் போய், பாதி வழியில் மனசு கேட்காமல் திரும்பி வருகிறவள் என்று ஊர் என்னைப் பற்றி ஒரு கதையைக் கட்டி முடித்திருந்தது. கேட்டபோது எனக்கே அது உண்மைபோல இருந்தது.

மாமியார் கொதித்துப்போனார். "நாங்க என்ன கொற வெச்சோம்? அதையே கேளுங்க" என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டர் நடக்கச் சொன்னாருங்க" என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

அண்ணன் எழுந்து சமையலறைக்கு வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அம்மா போன பிறகு அவர்தான் எனக்கு எல்லாம்.

"அம்மிணி, எங்கிட்டச் சொல்லு. என்ன கஷ்டம்?"

ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. என்ன கஷ்டம் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, அதனாலும் இருக்கலாம். தேம்பியபடியே காலைக் காட்டினேன். அவர் புடவை ஓரத்தை ஒதுக்கி, பாதத்திலிருந்து மேலே ஏறிப்போகும் கட்டைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. நேராகக் களத்துக்குப் போனார்.

"இந்தக் காலோடயா புள்ளைய நடக்க உட்டீங்க?"

கணவர் அகப்பட்டுக்கொண்டார். நடந்தது சண்டையால் அல்ல என்று காட்டினால் நோயாளியை நடக்கவிட்ட குற்றம். நடக்கவிடவில்லை என்றால் நான் ஏன் நடந்தேன் என்ற கேள்வி. புட்வால்வைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். பெரியப்பாவும் மோட்டார் வைத்து விவசாயம் பார்க்கிறவர்தானே, அவர் உடனே மடக்கினார். "அப்பறம் எதுக்குங்க மோட்டார ஓட்டறீங்க? நிறுத்தி வெக்கறதுதான மொறை?" கணவருடைய சந்தேகமும் அதுதான். அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கால் ஆறுகிறவரை புள்ளை பிறந்த வீட்டில் ஓய்வாக இருக்கட்டும். வந்த காரிலேயே நானும், சின்னவனும், ஒரு பையும் ஏறினோம். இரண்டு குடும்பத்துக்கும் மானம் மிச்சமாயிற்று.

அங்கே கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. அண்ணி சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார். நாட்டுக்கோழிச் சாறு, ராகிக் களி, பால். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்காகக் கட்டையும் அவிழ்த்தார். திரும்ப அவரே சுற்றிவிட்டார், பிள்ளைக்குத் தூளி கட்டுவதுபோலத் தளர்வாக.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டர் அவிழ்க்கக் கூடாது என்றார், நடந்தால்தான் ஆறும் என்றார், புண் பாதி சுருங்கியதை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். முதல் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன் என்றுதான் நினைவு. அப்புறம் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கட்டில் பிடித்திருந்தது. காலை ஆறு மணிக்கு விழித்து, எழுந்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்து, மறுபடி கண்ணை மூடிக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. கத்தி பயமாகத்தான் இருந்தது. ஆனால் கத்தி சேலத்தில் இருந்தது, கட்டில் கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருவேளை மைல்கல் வரை நான் நடந்ததெல்லாம் இந்தக் கட்டிலை நோக்கித்தானோ என்றுகூட அங்கே படுத்தபடி யோசித்தேன்.

மூன்றரை வாரம் கழித்துக் கணவர் வந்து சேலத்துக்குக் கூட்டிப்போனார். மருத்துவர் கட்டைப் பிரித்தார். புண் பழைய அளவுக்கு வந்து, அதற்கு மேலும் கொஞ்சம் பரவியிருந்தது. ஸ்டூலில் ஏறச் சொன்னார். நரம்பு பழையபடி புடைத்து நின்றது.

"நடந்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் சொன்னார். "நல்லா நடந்தாங்க சார். தவறாம."

அவரைப் பார்த்தேன். நடக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு ஓடப்பார்த்ததாக மச்சினன் ஆள் சேர்த்துக்கொண்டு வந்த கதையை அந்த மேசைக்கு முன்னால் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்வதைவிடச் சாகவும் அவர் தயாராக இருப்பார். நானும் தலையை ஆட்டினேன். மருத்துவர் சீட்டில் எழுதி, ஆபரேஷனுக்கு அடுத்த புதன்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். மேலே பெரிய விளக்கு. அம்மாவும் இதைத்தான் கடைசியாகப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். வலி இல்லை, ஆனால் யாரோ என் காலுக்குள்ளிருந்து எதையோ இழுப்பது தெரிந்தது. பாவாடை நாடா கோக்கும்போது துணி அசைவதுபோல இருந்தது. பிள்ளைகளின் முகத்தை நினைத்துக்கொள்ள முயன்றேன். சின்னவன் முகம் மட்டும் வரவே இல்லை. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது என்றார்கள்.

மறுநாளே நடக்கச் சொன்னார்கள். தொடை முழுக்கக் கறுநீலமாக இரத்தம் கட்டியிருந்தது. அடித்தொடையில் ஒரு வெட்டு, கீழே நாலு வெட்டு. வார்டு வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அங்கே யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

தையல் பிரித்த அன்று கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். மருத்துவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். புண் ஆறத் தொடங்கியிருந்தது. அவர் முகத்தில் அதற்கான மகிழ்ச்சி இல்லை.

"உங்க காலுக்கு ஊசியே போதும்னு உறுதியா நெனச்சேம்மா. ரெண்டாவது வாரம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கே புரியல. உண்மையாச் சொல்லுங்க. திட்ட மாட்டேன். ஆறு வாரமும் நடந்தீங்களா?"

பக்கத்தில் கணவர் இல்லை. அண்ணன் இல்லை. மாமியார் இல்லை. கேட்டவர் நல்ல மனிதர், உண்மையை மட்டுமே கேட்டார்.

"நடந்தேனுங்க" என்றேன்.

அவர் நர்ஸிடம் திரும்பி, "இந்த மாதிரிப் புண்ணோட வர்றவங்களுக்கு ஊசியில நாளக் கடத்தக் கூடாது போலிருக்கு. நேரா ஆபரேஷன்தான்" என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் சீட்டின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார்.

மாலையில் நாங்கள் கிளம்பும்போது வெளி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கணுக்கால் கறுத்து, ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். என் காலிலிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி என் சேலை நுனியைத் தொட்டாள்.

"அக்கா, ஊசி போட்டாலே சரியாப் போயிடுமுன்னு சொல்றாங்களே. நெசமுங்களா?"

"டாக்டரு சொல்றபடி கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கணவருக்குப் பின்னால் நடந்தேன்.